லைட்டும் வரும், நானும் வருவேன்

சுனாமி வந்துபோன மறு வருஷம், கானத்தூரை ஒட்டிய அந்தக் குப்பத்தில் பெண்களுக்குத் தையல் மிஷின் கொடுக்க ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்தார்கள். பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். துர்காவின் பெயர் வந்தபோது அவள் மேடைக்குப் போகவில்லை. இருந்த இடத்திலேயே எழுந்து நின்றாள்.

"எனக்கு மிஷின் வேணாம் சார். லோடு ஆட்டோ வாங்கணும். பேங்க்ல சொல்லி லோனுக்கு வழி பண்ணிக் குடுங்க."

மேடையில் இருந்தவருக்குச் சிரிப்பு வந்தது. "ஆட்டோவை யாரும்மா ஓட்டுவா?"

"நான்தான்."

பந்தலே சிரித்தது. அவள் அண்ணன் குணா தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். தங்கை தன் மானத்தை வாங்குகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டான். சிரிக்காமல் உட்கார்ந்திருந்தது அவர்களுடைய அம்மா முத்தாலம்மாள் மட்டும்தான். மகள் ஏன் கேட்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். சேலையூருக்கு மீன் கொண்டுபோய் விற்கிற முத்தாலம்மாளைக் கூடையோடு ஏற்றிக்கொள்ளாத கண்டக்டர்கள் அந்த ரூட்டில் நிறையப் பேர் இருந்தார்கள். ஏற்றிக்கொண்டாலும் யாராவது ஒருத்தர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றால் போதும், பாதி வழியில் விசில் அடித்து இறக்கிவிடுவார்கள். மேடவாக்கம் கூட்டுரோட்டில் ஒருமுறை அப்படி இறக்கிவிட்டபோது துர்காவும் கூட இருந்தாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அம்மா நடக்க ஆரம்பித்ததையும், ஒரு வார்த்தை திட்டாததையும் அவள் பார்த்தாள். அம்மா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

மேடைக்காரர் விட்டுவிட்டாலும் துர்கா விடவில்லை. மகளிர் குழு மூலமாகப் பேங்குக்கு நடந்தாள். மேனேஜரைப் பார்க்க முடியாது என்று சொன்ன நாட்களில் வாசலில் நின்று, அவர் சாப்பிடப் போகும்போது பார்த்தாள். குணாவும் கடைசியில் இறங்கிவந்து, கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருந்த காலி பிளாட்டுகளில் அவளுக்கு வண்டி ஓட்டப் பழக்கினான். லைசென்ஸ் எடுத்தாள். பச்சை நிறத்தில் ஒரு லோடு ஆட்டோ வந்தது. விடிந்ததும் குப்பத்துப் பெண்களையும் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு சேலையூர், தாம்பரம் என்று இறக்கிவிடுவாள். அதற்குப் பிறகு வண்டியைக் கழுவி, கேம்ப் ரோட்டில் நிறுத்திவிட்டு வேறு லோடு கிடைக்குமா என்று பார்த்திருப்பாள். ஸ்டாண்டில் இருந்த ஆண் டிரைவர்கள் அவளை வரிசையில் சேர்க்கவில்லை. அவள் வரிசைக்கு எதிர்ப்பக்கம் நிறுத்திக்கொண்டாள்.

அங்கேதான் ஹில்டா அவளைப் பிடித்தார்.

ஹில்டாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். கிழக்குத் தாம்பரத்தில் வீட்டின் முன் அறையிலேயே போட்டோ லைட்டுகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். புடவைக்கடை விளம்பரம், நகைக்கடை காலண்டர், கல்யாண ஆல்பம் என்று வெளியே போய்ப் படமெடுக்கிறவர்கள் அவரிடம் வாங்கிப் போவார்கள். லைட் என்றால் சின்னச் சாமான் இல்லை. ஆளுயரத்துக்குக் கறுப்புத் துணிக் கூண்டு மாதிரி சாஃப்ட் பாக்ஸ், விரித்தால் அறையை அடைக்கிற ஸ்டாண்டுகள், லாரி பேட்டரி கனத்துக்குப் பவர் பேக், காற்றில் ஸ்டாண்டு சாயாமல் இருக்க மணல் மூட்டைகள், பின்னணிக்குக் கட்டித் தொங்கவிடுகிற பேப்பர் ரோல். தூக்கினால் தோள் இறங்கும், தவறவிட்டால் உடையும். அன்றைக்கு ஹில்டாவின் வழக்கமான டிரைவர் வரவில்லை.

"உன் வண்டில மீன் வாசனை வருமா?" என்று கேட்டார்.

"வரும். கழுவிட்டா கொறையும். சுத்தமா போவாது. அதுக்கு பயந்தா வேற வண்டி பாத்துக்குங்க."

ஹில்டா வண்டிக்குள் குனிந்து பார்த்தார். "லைட்டுக்கு மூக்கு கிடையாது. ஏத்து" என்றார்.

பழைய டிரைவர் சாமான்களைக் கயிற்றால் கட்டுவார். பள்ளத்தில் வண்டி குதித்தால் கயிறு சாஃப்ட் பாக்ஸில் பதிந்து துணி கிழியும். துர்கா வீட்டிலிருந்து அப்பாவின் பழைய நைலான் வலையைக் கொண்டுவந்தாள். எல்லாவற்றின் மேலும் வலையைப் போர்த்தி நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினாள். அப்பா வீராசாமி, "வலைய எதுக்குடி எட்தும்போறே?" என்று கேட்டபோது, "லைட்டு புடிக்க" என்று சொன்னாள். குப்பத்தில் அது கொஞ்ச நாள் ஜோக்காக ஓடியது.

ஒரு வருஷத்திலேயே அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. மகாபலிபுரம் ரோட்டில் ரிசார்ட்டுகள், வண்டலூரில் தோப்புகள், பல்லாவரத்தில் கல்யாண மண்டபங்கள் என்று சுற்றினாள். இறக்கி, மாடிக்கு ஏற்றி, ஸ்டாண்டை விரித்து நிறுத்திக் கொடுப்பதும் அவள் பொறுப்பு. முடிந்ததும் எண்ணிச் சரிபார்த்துத் திரும்ப ஹில்டா வீட்டில் இறக்குவாள். "சாமானை விட்டுட்டு நீ நகரக் கூடாது. டீ குடிக்கப் போனாலும் கண் அதுமேலதான் இருக்கணும்." ஹில்டா போட்ட ஒரே கண்டிஷன் அது.

2007இல் ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் பெருங்களத்தூரில் ஒரு வேலை வந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிப் புதிதாக எழும்பியிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பு. ஏழாவது மாடியில் சுப்ரஜா என்ற பெண் தான் டிசைன் செய்த புடவைகளைத் தன் வீட்டு ஹாலிலேயே படமெடுக்க ஏற்பாடு செய்திருந்தாள். போட்டோகிராபர் ஷ்யாம்சுந்தர் சேலையூர்க்காரன். ஹில்டாவிடம் அதிகமாக லைட் எடுக்கிறவன் அவன்தான்.

துர்கா லைட்டுகளை இறக்கி லிஃப்ட் அருகே கொண்டுவந்தபோது வாட்ச்மேன் சுவிசேஷமுத்து ஓடிவந்தார். லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் இருந்த போர்டைக் காட்டினார். வீட்டு வேலையாட்கள், டெலிவரி ஆட்கள், சாமான் கொண்டுவருகிறவர்கள் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது.

"நான் என்னம்மா செய்ய? செக்ரட்டரி சார் பாத்தாவன்னா என்னைய வையுவாவ" என்றார் பாவமாக. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

அதற்குள் செக்ரட்டரியே வந்துவிட்டார். கஸ்தூரிரங்கன், ரிடையரான ஆபீசர். ஷ்யாம்சுந்தரும் மேலேயிருந்து இறங்கி வந்தான். இரண்டு பேரும் ஆங்கிலத்தில் கொஞ்ச நேரம் பேசினார்கள். கஸ்தூரிரங்கன் வெளியே நின்றிருந்த வண்டியைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், துர்காவைப் பார்த்தார். பிறகு பெருந்தன்மையாகச் சொன்னார்.

"ஓகே. காஸ்ட்லி எக்விப்மென்ட்னு சொல்றீங்க. லைட்ஸ் லிஃப்ட்ல போகட்டும். நீங்க கூடப் போங்க. அந்தம்மா ஸ்டெப்ஸ்ல வரட்டும்."

"தேங்க்ஸ் சார்" என்றான் ஷ்யாம்சுந்தர். சாஃப்ட் பாக்ஸைத் தூக்கப் போனான்.

துர்கா அதன்மேல் கை வைத்தாள்.

"லைட்டு போலாம், நான் போவக் கூடாதா?"

"துர்கா, பேசறதுக்கு டைம் இல்ல. மாடல் மேக்கப் போட்டு உக்காந்திருக்காங்க. நீங்க படில வந்துடுங்க."

"படிக்கு ஒண்ணும் பயமில்ல சார். இந்த பேப்பர் ரோலு லிஃப்ட்ல அடங்காது. அத்த நானே தோள்ல வெச்சினு ஏழு மாடியும் ஏறுவேன். அடங்கற சாமான் லிஃப்ட்ல வரும். அதுங்கூட நானும் லிஃப்ட்லதான் வருவேன். நான் இல்லாம சாமான் நகராது. ஹில்டாக்கா சொல்லி அனுப்பிச்சது அப்டிதான்."

கஸ்தூரிரங்கன் அவளிடம் நேராகப் பேசவில்லை. ஷ்யாம்சுந்தரைப் பார்த்தே சொன்னார். "மீன் வண்டி ஓட்டறவங்கன்னு வலையப் பாத்தாலே தெரியுது. லிஃப்ட் சின்ன இடம். ரெசிடென்ட்ஸ் கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க. இதுல பர்சனலா ஒண்ணும் இல்ல."

துர்கா சாஃப்ட் பாக்ஸிலிருந்து கையை எடுத்தாள். லைட்டுகளைச் சுவரோரம் வரிசையாக நகர்த்தினாள். யாருக்கும் வழி அடைபடாமல் ஒதுக்கி வைத்தாள். பிறகு லாபியில் விருந்தினர்களுக்காகப் போட்டிருந்த பெரிய சோபாவில் போய் நடுவில் உட்கார்ந்தாள்.

"எழுந்துக்கச் சொல்லுங்க" என்றார் கஸ்தூரிரங்கன்.

"சோபால உக்காரக் கூடாதுன்னு நீங்க இன்னும் போர்டு வெக்கல சார்" என்றாள் துர்கா.

அந்நேரம் வீட்டு வேலை முடித்துப் படியில் இறங்கி வந்துகொண்டிருந்த பெண்கள் சிலர் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஐந்தாவது மாடியில் இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பாலாம்பாள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கடைசிப் படியில் நின்று பார்த்தாள். கட்டடம் வந்ததிலிருந்து லாபியைத் துடைத்து அந்தச் சோபாவைத் தூசி தட்டுகிறவளும் அவள்தான். அதில் யாராவது வேலைக்காரி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

சுப்ரஜா இறங்கி வந்தாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். மோசமான பெண் இல்லை, அவசரத்தில் இருந்தாள்.

"துர்கா, இன்னைக்கு ஒரு நாள்தானே? படில வந்துடுங்களேன். நான்கூட ஹெல்த்துக்காகப் படிலதான் ஏறுவேன்."

"அப்ப வாங்க மேடம், ஒண்ணா ஏறலாம். ஷ்யாம் சாரும் வரட்டும். செக்ரட்டரி சாரும் வரட்டும். லைட்ட மட்டும் லிஃப்ட்ல அனுப்பிடலாம். நாம அல்லாரும் படில போலாம். நான் ரெடி."

சுப்ரஜாவின் முகம் சிவந்தது. ஷ்யாம்சுந்தருக்குக் கோபம் எல்லை மீறியது. "வேணாம். உன் லைட்டே வேணாம். எடுத்துட்டுப் போ. பால்கனி வெளிச்சத்துலயே எடுத்துக்கறேன். இனிமே என் ஷூட்டுக்கு உன்னைக் கூப்பிட்டா என் பேரை மாத்திக்கறேன்."

"லைட்டு ஹில்டாக்காவுது சார். அவங்ககிட்ட சொல்லிடுங்க."

ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய் ஏற்றினாள். பவர் பேக்கைத் தூக்கும்போது சுவிசேஷமுத்து ஒரு பக்கம் பிடிக்க வந்தார். "வேணாம்ணா, ஒனக்கு வேல பூடும்" என்று தடுத்துவிட்டாள். வலையைப் போட்டு இழுத்துக் கட்டினாள்.

பெருங்களத்தூர் சிக்னலில் வண்டி நின்றபோதுதான் பயம் வந்தது. வண்டிக்கு இன்னும் தவணை இருந்தது. ஹில்டாவின் பெரிய வாடிக்கைக்காரனோடு மோதிவிட்டு வருகிறாள். ஆனால் திரும்பிப் போய்ப் படியில் ஏறுவதை நினைத்துப் பார்த்தால் அந்தப் பயம் சின்னதாகத்தான் தெரிந்தது. பச்சை விழுந்ததும் பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஓட்டிக்கொண்டு போனாள்.

ஹில்டா வாசலிலேயே நின்றிருந்தார். ஷ்யாம்சுந்தர் போனில் கத்தி முடித்திருந்தான்.

"லைட் ஏதாவது உடைஞ்சுதா?"

"இல்லக்கா."

"சரி, இறக்கு." அதற்குமேல் அன்று அவர் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் அடுத்த வாரம் ஷ்யாம்சுந்தர் லைட் கேட்டபோது ஹில்டா வேறொரு டிரைவரை அனுப்பினார். துர்காவுக்கு அது ஸ்டாண்டில்தான் தெரிந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து சம்பந்தம் என்ற டிரைவர் வேண்டுமென்றே உரக்கச் சொன்னான், "லைட்டு சவாரி இப்ப நம்ம கையில கீது." அவள் நேராக ஹில்டா வீட்டுக்குப் போனாள்.

"அக்கா, அவருக்கு வேற வண்டி அனுப்ச்சீங்களா?"

"அவன் எனக்குப் பாதி பிசினஸ் துர்கா. உன்னை நான் நிறுத்தலையே. மத்தவங்களுக்கு நீதானே போறே."

"அவருக்கு மட்டும் நான் வாணான்னா, நான் தப்பு பண்ணேன்னு நீங்களும் ஒத்துக்கினீங்கன்னு அர்த்தம். அப்ப யாருக்கும் நான் வாணாம்."

"வீம்பு பண்ணாதே."

"வீம்புதான்க்கா. அது இல்லன்னா இன்னேரம் குப்பத்துல தச்சினு இருந்திருப்பேன்."

சொல்லிவிட்டு வந்துவிட்டாள். காலையில் மீன், அப்புறம் டைல்ஸ், சிமென்ட், வாடகை வீடு மாறுகிறவர்களின் கட்டில் பீரோ என்று கிடைத்ததை ஏற்றினாள். அவள் கணவன் மோகன்ராஜ் பெயிண்டர், சண்டை பிடிக்கத் தெரியாத ஆள். சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டான்.

"படில ஏறியிருந்தா கால் இன்னா தேஞ்சா பூட்ருக்கும்?"

"தேயாது. ஒன் பெயிண்டு டப்பாவ மட்டும் லிஃப்ட்ல வுட்டுட்டு ஒன்ன படில வான்னா நீ இன்னா செய்வே?"

மோகன்ராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "அப்டிதான் சொல்றாங்க. டப்பா லிஃப்ட்ல போவும். நான் படில போவேன்" என்றான்.

அதற்குப் பிறகு அவன் அவளிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பெருங்களத்தூரில் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைப் பாலாம்பாள் சொல்லித்தான் துர்காவுக்குத் தெரியவந்தது. அவள் சேலையூருக்கு மீன் வாங்க வந்தபோது முத்தாலம்மாளிடம், "அந்த லைட்டு வண்டிப் பொண்ணு ஒங்க பொண்ணா?" என்று விசாரித்து, துர்கா வரும்வரை காத்திருந்தாள்.

சோபாவில் துர்கா உட்கார்ந்த மறுநாள் காலை பாலாம்பாள் படிக்கட்டுக்குப் போகவில்லை. லிஃப்ட் முன்னால் போய் நின்று பட்டனை அமுக்கினாள். கூட வந்த பெண்களில் இரண்டு பேர் பயந்து ஒதுங்கினார்கள். மற்றவர்கள் அவளோடு ஏறினார்கள். சுவிசேஷமுத்து அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். சில நாள் இப்படிப் போனது. கஸ்தூரிரங்கன் எச்சரித்தார், வீடுகளுக்குச் சொல்லி அனுப்பினார். வேலைக்காரியை நிறுத்திவிடுவோம் என்று இரண்டொரு வீட்டில் சொன்னார்கள். நிறுத்தினால் மற்றவர்களும் வரமாட்டோம் என்று இவர்கள் சொன்னார்கள். கடைசியில் அவர் லிஃப்டின் மெயினையே அணைத்துவிட்டார். வேலையாட்கள் வருகிற நேரம் முடியும்வரை யாருக்கும் லிஃப்ட் இல்லை.

"அப்பால இன்னா ஆச்சுன்ற?" பாலாம்பாளுக்குச் சொல்லும்போதே சிரிப்பு தாங்கவில்லை. "அவரு வூட்டம்மாவே கோயிலுக்குப் போய்ட்டு வந்தாங்க. அபிதகுஜாம்பாள் மாமி. முட்டி வலி அவங்களுக்கு. ஆறாவது மாடி. லிஃப்ட் இல்லன்னதும் நேரா போய் அந்த சோபால குந்திக்கினாங்க. 'லிஃப்ட்டப் போடச் சொல்லுங்கோ. இல்லேன்னா நான் இங்கயேதான் உக்காந்துண்டிருப்பேன்'ன்னாங்க. சாரு இறங்கி வந்து கெஞ்சறாரு. அசையல. ஆபீஸ் போறவங்க, ஸ்கூல் பசங்க அல்லாம் நின்னு பாக்கறாங்க. மாமி என்னப் பாத்து, 'பாலா, நீயும் உக்காரு, ஏன் நின்னுண்டிருக்கே'ன்னாங்க."

"நீ உக்காந்தியா?"

"உக்காராம? நாந்தான தொடைக்கறேன் அத்த."

லிஃப்ட் ஓட ஆரம்பித்தது. அடுத்த மீட்டிங்கில் கஸ்தூரிரங்கன் போர்டு இருக்க வேண்டும் என்றே பேசினாராம். ஆனால் அதைச் சுவரில் பிடித்திருந்த ஸ்குரூக்களை யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள். மறுபடி மாட்ட யாரும் முன்வரவில்லை.

பால்கனி வெளிச்சத்தில் எடுத்த படங்களில் புடவைகள் எல்லாம் ஒரே சாம்பலாக வந்திருந்தன. சுப்ரஜா வேறு போட்டோகிராபரை வைத்து மறுபடி எடுக்க ஹில்டாவிடம் லைட் கேட்டாள். ஷ்யாம்சுந்தர் சொந்தமாக லைட் வாங்கிக்கொண்டு போய்விட்டிருந்தான்; ஹில்டா யாருக்காக வளைந்துகொடுத்தாரோ அந்த வாடிக்கையே இப்போது அவரிடம் இல்லை. சேலையூர் மீன் கடைகளுக்கு நடுவில் குடையைப் பிடித்துக்கொண்டு ஹில்டா வந்து நின்றார்.

"நான் உன்னை விட்டுக் கொடுத்திருக்கக் கூடாது. வா."

துர்கா பக்கெட் தண்ணீரை வண்டிக்குள் வீசி ஊற்றினாள். "வரேன். எந்த பில்டிங்கா இருந்தாலும் லிஃப்ட் விசயத்த நீங்களே முன்னாடி பேசிடணும். அங்க போயி நான் சண்ட போட மாட்டேன். ஆனா படிலயும் போவ மாட்டேன்."

"பேசறேன்."

பேசினார். அதற்குப் பிறகு யார் லைட் கேட்டாலும் ஹில்டா போனில் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். "லிஃப்ட் இருக்கா? எங்க துர்கா அதுலதான் வருவாங்க. ஓகேவா? இல்லேன்னா வேற இடம் பாத்துக்குங்க." சிலர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஹில்டா அதைப் பற்றிப் புலம்பவில்லை. கேம்ப் ரோட்டு ஸ்டாண்டில் துர்கா இன்றைக்கும் வரிசைக்கு எதிர்ப்பக்கம்தான் நிறுத்துகிறாள். நடுவில் ஒருமுறை சம்பந்தமே வந்து, வரிசையில் சேர்ந்துகொள்ளச் சொன்னான். "இங்க நெழல் கீது, நீங்க வேணா இந்தப் பக்கம் வாங்க" என்று சொல்லிவிட்டாள்.

சுப்ரஜாவின் இரண்டாவது ஷூட்டுக்கு அவள்தான் லைட் கொண்டுபோனாள். மற்ற சாமான்களைச் சுவிசேஷமுத்துவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பேப்பர் ரோலைத் தோளில் வைத்து முதலில் படியில் ஏறி, ஏழாவது மாடியில் வைத்துவிட்டு வந்தாள். சட்டை நனைந்துவிட்டது. பிறகு சாஃப்ட் பாக்ஸையும் பவர் பேக்குகளையும் லிஃப்டுக்குள் நகர்த்தி, தானும் உள்ளே நின்றாள். கதவு மூடப்போன நேரத்தில் கஸ்தூரிரங்கன் பால் பாக்கெட்டோடு வந்தார். அவளைப் பார்த்ததும் நின்றார்.

துர்கா காலை நீட்டிக் கதவைத் தடுத்தாள். "வாங்க சார், எடம் கீது."

"பரவால்ல. நீ போ."

"ஆறாவது மாடியில நிறுத்தறேன், வாங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். துர்கா காலை எடுத்தாள். கதவு மூடியது. மேலே போகும்போது சாஃப்ட் பாக்ஸ் சுவரில் உரசாமல் முழங்கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.